இருபத்திரண்டு பனிப்புயல்கள்

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, சுகிர்தா வேலைக்குப் புறப்பட்டுப் பனிச்சப்பாத்தை மாட்டிக்கொண்டிருந்த நேரம், வாட்ஸப் குழுவில் இன்பநாதன் இரண்டு படங்களைப் போட்டார். இரண்டும் கைபேசித் திரைகளின் படங்கள். முதலாவதில், வியாழக்கிழமை அவருடைய வீட்டில் பதினொரு சென்ரிமீற்றர் பனி விழும் என்றிருந்தது. இரண்டாவதில் முப்பத்துநான்கு. கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: "முதலாவது என்ர ஃபோன். மற்றது பெண்சாதி ராகினியின்ர. ரெண்டும் ஒரே குசினி மேசையில கிடக்குது."

சுகிர்தா ஒற்றைக் காலில் சப்பாத்தோடு நின்று அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள். முகவரி ஒன்று. நேரமும் ஒன்று. இரண்டுக்கும் நடுவே ஒரு பாழாய்ப்போன இருபத்துமூன்று சென்ரிமீற்றர்.

அந்தக் குழுவில் பதினொரு பேர். ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியும் வாழும் தமிழர்கள், வானிலைப் பைத்தியங்கள். இன்பநாதன் ஏஜக்ஸ் நகரில் பஸ் ஓட்டுகிறவர். ஒருவர் பல் வைத்தியர். ஒருவர் பேக்கரி நடத்துகிறார். மற்றவர்கள் கிரிக்கெட் ஓட்டங்களைப் பார்ப்பதுபோல இவர்கள் புயலைக் கொண்டுவரும் தாழமுக்கங்களைப் பார்ப்பார்கள். கொலராடோ மலைகளுக்குப் பின்னால் ஒரு புயல் கண்விழிக்கும்போதே வாதம் தொடங்கிவிடும்: அமெரிக்க வானிலைக் கணினி மொடல் என்ன சொல்கிறது, ஐரோப்பிய மொடல் என்ன சொல்கிறது, போன தடவை எது கோட்டை விட்டது. புயல் முடிந்ததும் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டு வளவில் விழுந்ததை அளந்து போடுவார்கள். சுகிர்தாவுக்கு இந்தப் பழக்கம் வந்தது தொலைக்காட்சியோடு போட்ட ஒரு சண்டையால். தொலைக்காட்சி பத்து என்று சொன்ன ஒரு நாளில் தன் வாசலில் இருபதை அள்ளிக் கொட்டியவள், மீதிப் பத்து எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தொடங்கினாள். பதினாறு வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மூன்று குளிர்கால மாரிகளுக்கு முன் 'லாந்தர்' வந்தது. இலவசச் செயலி. பழைய மொடல்கள் ஒரு நகரத்துக்கு ஒரு எண் சொன்னால், இது உங்கள் தெருவுக்கு, உங்கள் வாசலுக்கு ஒரு எண் சொல்லும். இத்தனையிலிருந்து இத்தனை என்ற வரம்பு இல்லை, நூற்றுக்கு இத்தனை என்ற சாத்தியக் கணக்கு இல்லை, 'இருக்கலாம்' இல்லை. ஒரே ஒரு எண். சனத்துக்கு அது பிடித்துப்போயிற்று. பள்ளிக்கூடங்களும் பனி வழிக்கும் லொறிகளும் அதைத்தான் கேட்டன. இந்தப் பதினொரு பேர் மட்டும் பழையவற்றையும் விடாமல் வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த வியாழக்கிழமைப் புயலுக்கு அமெரிக்கன் முப்பத்தெட்டு என்றது. ஐரோப்பியன், தெற்கிலிருந்து ஒரு வெப்பக்காற்று மூக்கை நுழைக்கும், பனி பாதியில் ஐஸ் மழையாகிவிடும், பதினாலுக்கு மேல் தேறாது என்றது.

அவள் இன்பநாதனை அழைத்தாள்.

"அண்ணை, ராகினி அக்கான்ர ஃபோன் பழைய கணக்கைக் காட்டுதோ?"

"இல்லைப் பிள்ளை. ரெண்டையும் நிப்பாட்டித் திரும்பப் போட்டுப் பாத்திட்டன். நாலு தரம். அவளுக்கு முப்பத்துநாலு, எனக்குப் பதினொண்டு."

"எனக்கு ஒன்பது."

"நீர் ஸ்காபரோ, உம்மட இடம் வேற. நாங்கள் ஒரே கூரைக்குக் கீழ இருக்கிறம். கூரைக்கு மேல ரெண்டு பனியோ?"

நேரமாகிவிட்டதென்று சுகிர்தா அழைப்பை நிறுத்தினாள். வேலைக்குப் போகும் வழி முழுதும் அதையே யோசித்துக்கொண்டு போனாள்.

அவள் வேலை செய்வது ஒரு டயலிசிஸ் நிலையத்தில். சிறுநீரகம் கைவிட்ட ஆட்களின் இரத்தத்தை இயந்திரம் சுத்தம் செய்து திருப்பி அனுப்பும் இடம். எந்த நோயாளி எந்த நாள், எந்தக் கதிரை, யாரை எந்த வண்டி ஏற்றிவரும் என்று ஒழுங்கு பண்ணுவது அவள் பொறுப்பு. செவ்வாய், வியாழன், சனி வரும் பிரிவில் இருபத்திரண்டு பேர். ஒரு தடவை தவறினால் உடம்பில் தண்ணீரும் பொட்டாசியமும் ஏறும். அதிகம் ஏறினால் இதயம் நிற்கவும் கூடும்.

மதிய இடைவேளையில் அவள் தாதிமாரிடமும் வரவேற்பு மேசையிலும் கைபேசிகளைக் கடன் கேட்டாள். தன்னுடையதோடு சேர்த்து ஏழு கைபேசிகளை மேசையில் வரிசையாக வைத்து, எல்லாவற்றிலும் நிலையத்தின் முகவரியைப் போட்டு, லாந்தரைத் திறந்தாள். ஒன்பது, ஒன்பது, பதினைந்து, இருபது, இருபத்தாறு, முப்பத்தொன்று, முப்பத்தெட்டு.

யாரும் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. உன்னுடையது பழைய ஃபோன், என்னுடையது புதியது என்று சிரித்துவிட்டு அவரவர் ஃபோனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சுகிர்தாதான் எண்களை ஒரு படிவத்தின் பின்பக்கத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆளின் பெயரையும் எழுதினாள். முப்பத்தெட்டு, மரிசெல் என்ற பிலிப்பீனியப் பெண்ணுடையது. வேகமாக ஓட்டி இரண்டு தரம் தண்டம் கட்டியவள், போன மாரியில் காரோடு பள்ளத்தில் விழுந்தவள். இரண்டு ஒன்பதுகளில் ஒன்று வரவேற்பு மேசைக்காரியுடையது. அவள் ஒரு பனித்துகளைக் கண்டாலே வேலைக்கு வரமாட்டாள்.

மற்ற ஒன்பது சுகிர்தாவுடையது.

மூன்று மணிக்கு ஒரு தனிச்செய்தி வந்தது. அனுப்பியவர் குழுவில் இரண்டு வருடமாக ஒரு வார்த்தையும் எழுதாமல் இருந்த உறுப்பினர். பெயர் இருந்த இடத்தில் 'சாரு, மார்க்கம்' என்று மட்டும் இருக்கும். "இன்பநாதன் சாரையும் கூட்டிட்டு இன்னிக்கு சாயங்காலம் வர முடியுமா? நான் லாந்தர்ல வேலை பாக்கறேன். தயவுசெஞ்சு அந்தப் படங்களை வேற எங்கயும் போடாதீங்க."

மார்க்கம் வீதியிலிருந்த ஒரு கோப்பிக் கடையில் நாலரைக்குச் சந்தித்தார்கள். சாருலதாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கோயம்புத்தூர்க்காரி. குளிருக்கு ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சுவெற்றர் போட்டிருந்தாள். இன்பநாதன் பஸ் சீருடையோடேயே வந்திருந்தார்.

"நீங்க அளந்து போடற கணக்கையெல்லாம் ரெண்டு வருஷமா எடுத்துட்டிருக்கேனுங்க," என்றாள் சாருலதா. "ஆப்புல அளவு அனுப்பற மத்தவங்க நாங்க சொன்ன எண்ணைப் பாத்துட்டு, அதுக்குப் பக்கமா ஒண்ணை எழுதி அனுப்பறாங்க. உங்க ஆளுங்கதான் வெளிய போய் நிஜமா அளக்கறாங்க."

"அப்ப லாந்தர் பொய் சொல்லுது எண்டு உங்களுக்குத் தெரியும்," என்றாள் சுகிர்தா.

"பொய்யின்னு சொல்ல மாட்டேன். உள்ள ஒரு எண்ணே கிடையாது. வியாழக்கிழமைப் புயலை அது ஐநூறு விதமா ஓட்டிப் பாக்குது. ஒண்ணுல எட்டு விழுது. ஒண்ணுல நாப்பது. நடுவுல எல்லாமே இருக்கு. எது நடக்கும்னு அதுக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. ஆரம்பத்துல அப்படியே சொல்லிப் பாத்தோம், எட்டுலருந்து நாப்பதுன்னு. ஜனங்க சிரிச்சாங்க. அவங்கவங்க தனக்குப் பிடிச்சதை எடுத்துக்கிட்டாங்க. வேகமா ஓட்டறவன் எட்டை எடுத்துக்கிட்டான், பயந்தவ நாப்பதை எடுத்துக்கிட்டா. அதனால எடுக்கற வேலையை அதுகிட்டயே குடுத்துட்டோம்."

"எப்பிடி எடுக்குது?"

"எந்த எண்ணைச் சொன்னா இந்த ஆளுக்கும் அவரைச் சுத்தி இருக்கறவங்களுக்கும் ஆபத்து குறையுமோ, அந்த எண்ணை. நாங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு. அடுத்த மூணு நாள்ல ஆஸ்பத்திரிக்குப் போறவங்க குறையணும். மிச்சத்தை அதுவே கத்துக்கிச்சு."

இன்பநாதன் கோப்பையைக் கீழே வைத்தார். "எனக்கு ஏன் பதினொண்டு?"

"முப்பதுன்னு காட்டினா நீங்க என்ன சார் செய்வீங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "கமராவைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போவன்."

"அதானுங்க."

"மூண்டு வருசமா ஒரு நல்ல புயலும் எங்கட பக்கம் வாறதாக் காட்டேல்லை. வந்த பிறகுதான் தெரியும். நான் என்ர ராசியெண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்."

சுகிர்தா சிரிக்கவில்லை. "எனக்கு ஏன் ஒன்பது?"

சாருலதா தன் கோப்பையை ஒதுக்கி வைத்தாள். அந்தக் கணக்கை வரும்முன் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"அதுக்கு உங்க பேரு தெரியாது. என்ன வேலைன்னும் தெரியாது. உங்க ஃபோன்ல இருபதுக்கு மேல காட்டினா, நீங்க இருக்கற கட்டடத்துக்கு வர்ற வண்டிங்க மொத்தமா ரத்தாகுது. ரெண்டு மூணு நாள் கழிச்சு, அந்த வண்டிங்க போகவேண்டிய வீடுங்களுக்கு ஆம்புலன்ஸ் போகுது. இவ்வளவுதான் தெரியும். ஒரு தடவை பாத்துச்சு. அப்புறம் உங்களுக்குப் பெரிய எண் காட்டறதை விட்டுடுச்சு."

அந்த ஒரு தடவை எதுவென்று சுகிர்தாவுக்குச் சொல்லத் தேவையில்லை. லாந்தர் வந்த முதல் மாரி. திரையில் முப்பத்தைந்து என்று கண்டு, வீதியில் நோயாளிகள் சிக்கிவிடுவார்களே என்று, ஒரு சனிக்கிழமைப் பிரிவு முழுவதையும் அவள் ரத்துச் செய்தாள். விழுந்தது ஆறு. திங்கட்கிழமை விடிய, அந்தப் பிரிவில் இருந்த சபாரத்தினம் என்ற மனிதர் தன் வீட்டுக் குளியலறையில் இதயம் நின்று இறந்துபோனார். விசாரணை நடந்தது; அவளில் பிழையில்லை என்று எழுதினார்கள். அவள் அதை நம்பவில்லை. லாந்தரும் நம்பவில்லை என்று இப்போது தெரிந்தது.

"எனக்கு இதைச் சொல்லியிருக்கலாம்," என்றாள். "எண்ணை மாத்தாமல், வண்டியை ரத்துச் செய்யாதை, ஆக்களை முந்திக் கூப்பிடு எண்டு சொல்லியிருக்கலாம்."

"அதுக்குப் பேசத் தெரியாதுங்க. எண் மட்டும்தான் காட்டத் தெரியும்." சாருலதா குரலைத் தாழ்த்தினாள். "மூணு குளிர்காலத்துல ரோட்டுல சாவறவங்க பாதியாக் குறைஞ்சிருக்காங்க. அதையும் நெனச்சுப் பாருங்க. ஆனா ராத்திரில எனக்குத் தூக்கம் வர்றதில்லை. அதனாலதான் வந்தேன். நீங்க வெளிய சொல்லணும்னா சொல்லுங்க, நான் தடுக்கல. வியாழக்கிழமை போகட்டும். இப்பச் சொன்னா புயலன்னிக்கு ஒருத்தரும் எதையும் நம்ப மாட்டாங்க."

புயல் கடந்து போகும்வரை பொறுப்பதென்று மூவரும் ஒத்துக்கொண்டார்கள்.

சுகிர்தா வீட்டுக்குப் போகாமல் திரும்ப நிலையத்துக்கே போனாள். எட்டிலிருந்து நாற்பது. அப்படியென்றால் வியாழக்கிழமையை நம்பியிருக்கக்கூடாது. ரத்துச் செய்யவும் கூடாது. புதன் மாலை கதிரைகள் வெறுமையாக இருக்கும். இருபத்திரண்டு பேரையும் புதன் மாலைக்கே முற்கூட்டி வரவழைத்துவிட்டால், புயல் வந்தாலும் வராவிட்டாலும் சனிக்கிழமை வரை தாங்கும். மேலதிகாரியை அழைத்தாள். அவர் தன் லாந்தரைப் பார்த்துவிட்டு, தேவையில்லைத்தான், ஆனால் தாதிமார் சம்மதித்தால் செய் என்றார். மரிசெல் முதல் ஆளாகக் கை தூக்கினாள்.

ஆறு மணிக்கு அவள் தொலைபேசியை எடுத்தாள். முதல் பெயர் அருளம்பலம். முன்பு மீன்கடை வைத்திருந்தவர். பிடிவாதக்காரர்.

"ஐயா, வியாழக்கிழமை பனி வருது. எட்டும் வரலாம், நாப்பதும் வரலாம். சரியாத் தெரியாது. நாளைக்குப் பின்னேரம் வந்தியளெண்டால் நல்லது."

"எட்டெண்டால் நான் வியாழக்கிழமையே வாறன் பிள்ளை. நாளைக்குப் பேத்திக்கு நடன வகுப்பு. எட்டெல்லாம் ஒரு பனியே?"

"நாப்பதும் வரலாம், ஐயா."

"வரலாம் எண்டால் வராமலும் விடலாம்."

சுகிர்தா பட்டியலில் மிச்சமிருந்த பெயர்களைப் பார்த்தாள். பிறகு, "நாப்பது, ஐயா," என்றாள். "நாப்பதுதான்."

"அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே. எத்தினை மணிக்கு?"

இரண்டாவது பெயர் மனோன்மணி. தனியாக இருப்பவர். பலமாகக் காற்றடித்தாலே பிரஷர் ஏறி, தானே அம்புலன்ஸைக் கூப்பிட்டுவிடுவார். நாற்பது என்று கேட்டால் புதன்கிழமையும் வெளியே வரமாட்டார்.

"அன்ரி, வியாழக்கிழமை ஒரு பத்து சென்ரிமீற்றர் விழுமாம். பெரிசா ஒண்டுமில்லை. எங்களுக்குக் கதிரை மாத்த வேணும், அதுதான் நாளைக்குக் கூப்பிடுறம்."

"பத்துத்தானே?"

"பத்துத்தான்."

"நீர் சொன்னால் சரி. உம்மைவிட ஆர் அளக்கிறது."

எட்டு மணிக்குக் கடைசி அழைப்பை முடித்தபோது குரல் கட்டிவிட்டது. இருபத்தொரு பேர் வருவதாகச் சொன்னார்கள். ஒருவர் ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் இருந்தார், அவருடைய மனைவியோடு பேசினாள். பெயர்ப் பட்டியலைக் கோப்பில் வைக்க எடுத்தபோதுதான் கவனித்தாள். பின்னால் யாரும் கேட்டால் மாறிச் சொல்லிவிடக்கூடாதே என்று, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தான் சொன்ன எண்ணைச் சிறிதாகக் குறித்து வைத்திருந்தாள். நாற்பது. பத்து. இருபத்தைந்து. பன்னிரண்டு. முப்பது. நாற்பது. பதினைந்து. பக்கம் முழுவதும் அப்படியே இறங்கிக்கொண்டு போயிற்று. யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. ஒவ்வொருவரையும் பல வருடமாகத் தெரியும், அதனால் ஒவ்வொருவருக்கும் பொருத்தமான புயல் தானாகவே வாயில் வந்தது.

தாளைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தாள்.

புதன் மாலை எல்லோரும் வந்தார்கள். இயந்திரங்கள் ஓடத் தொடங்கி ஒரு மணித்தியாலத்தில் அருளம்பலம் பக்கத்துக் கதிரையைப் பார்த்து, "நாப்பதாம். கேள்விப்பட்டீரோ?" என்றார்.

பக்கத்துக் கதிரையில் ஜெகதீசன். முன்பு வாடகை ரக்சி ஓட்டினவர். "எனக்கு இருபத்தைஞ்செண்டு சொன்னவ."

"ஆர் சொன்னது?"

"சுகிர்தாதான்."

இருவரும் அவளைப் பார்த்தார்கள். "மொடலுகள் மாறிக்கொண்டு நிக்குது," என்று சொல்லிவிட்டு, எந்தக் குறையும் இல்லாத ஒரு இயந்திரத்தின் குழாய்களைச் சரிபார்க்கப் போனாள். கோடிக் கதிரையில் மனோன்மணி போர்வையை மூக்குவரை இழுத்துவிட்டு நல்ல நித்திரை.

வியாழக்கிழமை அதிகாலையில் பனி தொடங்கியது. முதலில் மாவு சலித்ததுபோல. ஏழு மணிக்குத் தெருவின் மறுகரை தெரியவில்லை. பத்து மணியளவில், ஐரோப்பியன் சொன்ன வெப்பக்காற்று வந்து, ஒன்றரை மணித்தியாலம் ஐஸ் மழை கண்ணாடியைச் சுரண்டியது; பிறகு அமெரிக்கன் சொன்னபடி பனி திரும்பவும் கொட்டியது. இரண்டு மொடலும் அரைவாசி சரி. குழுவில் செய்திகள் பறந்தன. இன்பநாதன் வீட்டு யன்னலிலிருந்தே படமெடுத்துப் போட்டார். ஏரிக்கரைக்குப் போகவிடாமல் ராகினி கார்ச் சாவியை ஒளித்துவைத்ததாகவும் எழுதினார். பிற்பகல் மூன்றுக்கு சுகிர்தா பின்வளவில் அளந்தாள். இருபத்தொன்பது. அவளுடைய இருபத்தொரு பேரும் சுத்தமான இரத்தத்தோடு தத்தம் வீட்டில் இருந்தார்கள். பல வருடங்களுக்குப் பிறகு ஒரு புயலை அவள் பயமில்லாமல் பார்த்தாள்.

நாலு மணிக்கு மனோன்மணி அழைத்தார். குரல் பதறவில்லை, அதுதான் சுகிர்தாவுக்குப் பயமாயிருந்தது.

"பிள்ளை, நாநூத்தியொண்டு நெடுஞ்சாலையை எப்ப திறப்பினம்?"

"ஏன் அன்ரி?"

"மகள் தர்சினி கிங்ஸ்டனில இருந்து வந்துகொண்டிருக்கிறாள். கோபர்க்குக்குக் கிட்ட நிக்கிறாளாம். காலமை ஒன்பது மணியில இருந்து கார் அசையேல்லை. பெற்றோல் முடியுதாம்."

"இந்தப் புயலுக்குள்ள ஏன் அன்ரி வெளிக்கிட்டவ?"

"அவளும் யோசிச்சவள்தான். அவளின்ர லாந்தரில முப்பத்தாறெண்டு கிடந்ததாம், வரேல்லை எண்டவள். நான்தான் சொன்னனான், அதை விடு, சுகிர்தா பத்தெண்டு சொன்னவ, அவ கையால அளக்கிற ஆள் எண்டு. லாந்தரைவிட நீர் சொன்னதை நம்பித்தான் வெளிக்கிட்டவள்."

சுகிர்தா தர்சினியின் தொலைபேசி எண்ணைக் கேட்டு எழுதினாள்.

தர்சினி அந்தக் காரில் பதின்மூன்று மணித்தியாலம் இருந்தாள். பனிச்சறுக்கு வண்டியில் வந்த மீட்புக்காரர்கள் அவளை எடுத்துச் சென்றபோது உயிருக்கு ஆபத்தில்லை. உதவி கேட்டு அடுத்த காருக்கு நடந்தபோது இடக்கால் சப்பாத்துக்குள் தண்ணீர் போயிருந்தது. குளிரில் விறைத்த அந்தக் காலில் இரண்டு விரல்களை எடுக்கவேண்டி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சுகிர்தா ஆஸ்பத்திரிக்குப் போனாள். தர்சினி மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். மனோன்மணி கட்டிலருகே உட்கார்ந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். பொட்டாசியம் கூடிய ஆரஞ்சு, அவர் சாப்பிடக்கூடாத பழம், மகளுக்காக உரித்தார். சுகிர்தா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எதையும் மறைக்காமல் சொன்னாள்.

"அன்ரி, பத்தெண்டு எனக்குத் தெரியாது. எட்டுக்கும் நாப்பதுக்கும் நடுவில எண்டுதான் தெரியும். அருளம்பலம் ஐயாவுக்கு நாப்பதெண்டு சொன்னனான். உங்களுக்குப் பத்தெண்டு சொன்னனான்."

மனோன்மணி பழத்தைக் கீழே வைக்கவில்லை. ஒவ்வொரு சுளையாகப் பிரித்து ஒரு கடதாசியில் அடுக்கினார். அடுக்கி முடித்த பிறகுதான் பேசினார்.

"நான் பயந்திடுவன் எண்டு நினைச்சனீர்."

"ஓம் அன்ரி."

"பயந்துதான் இருப்பன். நீர் நினைச்சது பிழையில்லை." கைகளைத் துடைத்தார். "ஆனா இவள் என்னை மாதிரி இல்லையே. எனக்கெண்டு செய்த இலக்கம் இவளிட்ட ஏன் போனது?"

அந்தக் கேள்விக்கு சுகிர்தாவிடம் பதில் இருந்தது. அவள் சொல்லும்போது, அந்த எண் மனோன்மணியின் காதோடு நின்றுவிடும் என்று நினைத்திருந்தாள். எண் நிற்கவில்லை. தொலைபேசியில் ஏறி இருநூற்றைம்பது கிலோமீற்றர் போய், பயமில்லாத ஒரு பெண்ணை வீதிக்கு இறக்கியது. லாந்தராவது, கேட்டவருக்குக் கேட்டவரின் எண்ணைத்தான் காட்டியது. தர்சினிக்கு அது காட்டிய முப்பத்தாறு சரியான எண்.

அன்று மாலை குழு எல்லாவற்றையும் வெளியிட்டது. இன்பநாதன் வீட்டு இரண்டு திரைகள், ஏழு கைபேசிகள், மூன்று மாரிகளின் அளவுகள். சுகிர்தா ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தாள். பெயர்களை அழித்துவிட்டு, தன் பட்டியலின் படத்தைப் போட்டாள். கீழே எழுதினாள்: "இது லாந்தர் சொன்னது அல்ல. நான் சொன்னது." அதைப் போடவேண்டாமென்று இன்பநாதன் இரண்டு தரம் அழைத்துச் சொன்னார். அவள் கேட்கவில்லை.

இரண்டு வாரம் பத்திரிகைகள் அதைப் பற்றியே பேசின. சாருலதா வேலையை விட்டாள். லாந்தர்க்காரர் கடைசியில் செயலிக்குள் ஒரு பொத்தானை வைத்தார்கள். அதை அழுத்தினால் ஒற்றை எண் போய், முழுப் பரவலும் வரும். அழுத்தாதவர்களுக்குப் பழையபடியே. நிலையத்தின் இருபத்திரண்டு பேரிடமும் சுகிர்தா அந்தப் பொத்தானைப் பற்றி எடுத்துச் சொன்னாள். மூன்று பேர் அழுத்தினார்கள். அருளம்பலம் அழுத்திப் பார்த்துவிட்டு, அடுத்த நாளே மாற்றித் தரச் சொன்னார். "ஒரு மனுசனுக்கு இத்தினை வானமே?" என்றார்.

மார்ச் மாதம் தர்சினி ஊன்றுகோலோடு தாயைக் கூட்டிக்கொண்டு நிலையத்துக்கு வந்தாள். ஒன்றரை மாதமாக ஸ்காபரோவில் தாயோடுதான் இருந்தாள். திங்கட்கிழமை கிங்ஸ்டனில் வேலைக்குத் திரும்பவேண்டும். சனிக்கிழமை போகலாமென்று யோசித்திருந்தாள். சனிக்கிழமைக்கு ஒரு தாழமுக்கம் ஏறிவந்துகொண்டிருந்தது. தாய் உள்ளே கதிரையில் இருக்க, அவள் நடைகூடத்தில் சுகிர்தாவைத் தேடிவந்தாள்.

"அக்கா, சனிக்கிழமை எவ்வளவு?"

சுகிர்தா அவளைப் பார்த்தாள். "நீர் பொத்தானை அழுத்தேல்லையோ?"

"இல்லை. நீங்கள் சொல்லுங்கோ."

"என்னையோ கேக்கிறீர்? உமக்கு நடந்ததுக்குப் பிறகும்?"

"நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து அம்மாவுக்குச் சொன்னதெல்லாம் நான் கேட்டுக்கொண்டுதான் கிடந்தனான். நித்திரை இல்லை."

சுகிர்தாவுக்கு வாய்க்குள் ஒரு எண் தயாராக இருந்தது. துணிந்த பெண், கால் இன்னும் ஆறவில்லை. இருபத்தைந்து என்று சொன்னால் நின்றுவிடுவாள். அதை விழுங்கினாள்.

"அஞ்சும் வரலாம், முப்பதும் வரலாம். எனக்குத் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது."

தர்சினி தலையாட்டினாள். இன்னும் ஏதோ வரும் என்பதுபோல நின்றாள். "அது சரி அக்கா," என்றாள் மெதுவாக. "நான் இப்ப போகவோ, விடவோ?"

உள்ளே இயந்திரங்கள் இரைந்துகொண்டிருந்தன. சுகிர்தா சுவரில் தொங்கிய வேலைப் பட்டியலைப் பார்த்தாள். இந்தச் சனிக்கிழமைப் பிரிவை மரிசெல்தான் பார்க்கிறாள்; தனக்கு லீவு.

"காலமை ஆறு மணிக்கு நான் காரைக் கொண்டு வாறன்," என்றாள். "நான் ஓட்டுறன். வழியில பெல்வில்லில இறங்கி, ஒரு கோப்பி குடிச்சுப்போட்டு வானத்தைப் பாப்பம். போகலாமெண்டால் போவம். ஏலாதெண்டால் அங்கயே அறை எடுத்து நிப்பம்."

"அம்மாட்ட என்ன சொல்லுறது?"

"எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியாதெண்டு சொல்லும். நாலு நேரத்துக்குச் சாப்பாடு கட்டித் தரச் சொல்லும்."